எண்பத்தொன்றின் நாற்காலி

முத்திரையை உதட்டருகே கொண்டுபோய் இரண்டு முறை ஊதுகிறார் மொன்ஜி. மை இளகுவதற்கு ஒரு முறை, மரியாதைக்கு ஒரு முறை. பிறகு அதைத் தாளின் வலது மூலையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணுகிறார். எடுத்தால் நீல வட்டம். வட்டத்துக்குள் ஒரு விளக்கு, விளக்கைச் சுற்றி 'கடற்கரைப் பள்ளிப் பழைய மாணவர் மன்றம், மஹ்தியா'. இன்று அந்த வட்டம் விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு யார் எத்தனை தட்டு மக்ரூத் கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலில்.

"பேரீச்சம்பழப் பலகாரத்துக்கு எதுக்குடா முத்திரை?" என்று கேட்டார் அக்கா மன்னூபியா, தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆதாரம் அக்கா. நாளைக்கு எவனாவது 'நான் பிஸ்கெட்டுனு நினைச்சேன்'னு வந்து நிப்பான்."

நாற்பது வருடம் அஞ்சல் அலுவலகத்தில் முத்திரை குத்திய கை. ஓய்வு பெற்றாலும் அந்தக் கைக்கு ஓய்வு இல்லை. மன்றத்தின் செயலாளராக இருபத்தைந்து வருடம். கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மன்றத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு கூட்டம் இருந்தது. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறார். கோட்டின் இடது பையில் முத்திரை, வலது பையில் சாக்பீஸ். அந்தக் கோட்டின் உள்துணியை மன்னூபியா மூன்று முறை மாற்றித் தைத்திருக்கிறார், மூன்று முறையும் இடது பையில் மட்டும் இரட்டைத் துணி வைத்து.

மொன்ஜியின் ஊரில் மனிதர்கள் கிடையாது, வருடங்கள்தாம் உண்டு. பாக் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் ஒருவர் எந்த வருடம் தேறினாரோ அதுதான் அவர் பெயர். சந்தையில் பத்தடி தூரத்திலிருந்து, "தொண்ணூத்திரண்டு, உங்கம்மா இடுப்பு எப்படியிருக்கு?" என்பார். ஒருநாள் மாலை வாசற்படியில் வந்து தொப்பென்று உட்கார்ந்து, "எழுபத்தெட்டு போயிடுச்சு அக்கா. காலைலகூட காப்பி குடிச்சுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனது யார் என்று மன்னூபியா தெரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆயிற்று.

மன்றம் கலை வளர்க்கிறது, பண்பாடு காக்கிறது, தொண்டு செய்கிறது. மூன்றையும் மன்னூபியா அருகிலிருந்து பார்த்திருக்கிறார். தொண்டு செப்டம்பரில் வரும். ஏதாவது ஓர் ஆரம்பப் பள்ளியின் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். முதலில் புகைப்படம், வேலைக்குப் பிறகு எடுத்தால் உடுப்பு அழுக்காகிவிடும் அல்லவா? உறுப்பினர்கள் வருட வரிசைப்படி நிற்பார்கள். நடுவில், எழுபத்துநான்காம் வருடத்துத் தலைவர் டாக்டர் நூரி, சுண்ணாம்பு வாளியை இரண்டு விரலால் பிடித்தபடி. படத்தை உற்றுப் பார்த்தால் எல்லார் கையிலும் தூரிகை காய்ந்தே இருப்பது தெரியும். உற்றுப் பார்ப்பது மன்னூபியாவின் தொழில். படம் எடுத்த பிறகு உரைகள் இருக்கும். உரைகள் முடியும்போது வெயில் ஏறியிருக்கும். வெயிலில் உறுப்பினர்கள் வீடு திரும்புவார்கள். சுவருக்கு 'மன்ற நண்பர்கள்' வெள்ளையடிப்பார்கள்.

மன்ற நண்பர்கள் என்றால் அதே பள்ளியில் அதே வாத்தியாரிடம் அதே அடி வாங்கிப் படித்து, பாக் தேர்வில் மட்டும் தேறாமல் போனவர்கள். ஏழாம் விதி அவர்களைப் பற்றியது. 'தேறியவர் மட்டுமே உறுப்பினர். மேடையில் நாற்காலி உறுப்பினருக்கு மட்டுமே. ஏனையோர் மன்ற நண்பர் எனப்படுவர். அவர்தம் உழைப்பு நன்றியுடன் ஏற்கப்படும்.' விதியை எழுதியவர் மொன்ஜி. 'நன்றியுடன்' என்ற சொல்லுக்கு மட்டும் ஓர் இரவு யோசித்தார்.

பதினான்கு நண்பர்கள். அவர்கள் உடுப்பு வீணாகக் கூடாது என்று மன்னூபியா மிஞ்சிப்போன நீலத் திரைத் துணியில், முதுகில் முடிச்சுப் போடுகிற மாதிரி வேலை அங்கி தைத்துக் கொடுத்தார். மொன்ஜி எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

"பதினஞ்சு இருக்கே அக்கா."

"துணி மிஞ்சிச்சு."

"பதினாலு பேர்தானே?"

"அதான் சொன்னேனே, துணி மிஞ்சிச்சுனு."

பட்டியலில் 'ஒன்று மிகை' என்று எழுதி முத்திரை குத்தினார். கால் அங்குலத் துணி மிஞ்சினாலும் அதைப் பொத்தான் பட்டையாக்கிவிடும் பெண்ணுக்குத் துணி எப்படி மிஞ்சும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். ஜனவரியில் மலைக் கிராமங்களுக்குக் கம்பளியும் காலணியும் ஏற்றிப் போகும் வண்டியில் உறுப்பினர்கள் இருக்கிறார்களோ இல்லையோ, மொன்ஜி இருப்பார். எந்தப் பிள்ளைக்குக் கால் எத்தனை விரற்கடை வளர்ந்தது என்பதுகூட அவர் நோட்டில் இருக்கும். மே மாதம் பாக் எழுதும் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. வாத்தியார்களை வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டி வருவதும் அவர்தான், கரும்பலகையைத் துடைப்பதும் அவர்தான். துடைத்த பிறகு போய்விடலாம். போகமாட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அறுபத்திரண்டு வயதில், கணக்கைக் குறிப்பெடுப்பார். "பசங்க சத்தம் போடாம இருக்கத்தான்" என்பார். அந்த நோட்டை மன்னூபியா ஒருநாள் தூசி தட்டும்போது திறந்து பார்த்தார். பயிற்சிக் கணக்கெல்லாம் போட்டிருந்தது. தவறான விடைகளுக்கு அவரே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

மன்னூபியா ஐந்தாவதோடு நின்றவர். அம்மாவுக்குக் கை ஒத்தாசை வேண்டியிருந்தது. தம்பியோ படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற அங்கிக்கு அந்தக் காலத்தில் முதுகில்தான் பொத்தான். தினமும் காலையில் அவன் வந்து முதுகைக் காட்டிக் கையைச் சற்று விலக்கி நிற்பான். அக்கா ஐந்து பொத்தானையும் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் ஓடுவான். அந்தத் தம்பி எண்பத்தொன்றில் பாக் எழுதினான். ஜூன் மாதம் பள்ளி வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். அவன் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு போகமாட்டேன் என்றான். மன்னூபியா போனார். பெயர் படிக்க ஐந்து வகுப்புப் போதும். மேலிருந்து கீழாக இரண்டு முறை, நம்பிக்கைக்காகக் கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார். இல்லை. வீட்டில் அம்மா வருகிறவர்களுக்கென்று அண்டா நிறையப் பாதாம் சர்பத் கலக்கி வைத்திருந்தாள். வாசலில் கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டு வேறு வீடுகளுக்குப் போயின. அந்தச் சர்பத்தை வீட்டில் இருந்த நான்கு பேரும் மூன்று நாள் குடித்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்திலேயே அவன் அஞ்சல் துறைத் தேர்வு எழுதி நாட்டிலேயே மூன்றாவதாக வந்தான். இதை மன்னூபியா, கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். மலைப்பக்கம் கஸ்ரீனில் பதினேழு வருட வேலை. தலைமுடியை அங்கேயே விட்டுவிட்டு மஹ்தியாவுக்குத் திரும்பியபோது, காப்பிக் கடையின் பின்னறையில் மன்றம் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். "உங்க வருஷம் எது, ஸி மொன்ஜி?" என்று கேட்டார்கள். 'ஸி' என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார்கள். "எண்பத்தொண்ணு" என்றார்.

"பொய் சொல்லல அக்கா. எழுதின வருஷத்தத்தான் சொன்னேன்" என்றார் அன்று வீட்டில்.

மறுவாரமே ஏழாம் விதியை எழுதினார். கதவுக்கு இவ்வளவு பெரிய பூட்டுப் போடுகிறவனைப் பார்த்து, நீ எப்படி உள்ளே வந்தாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இனிக் கலை. ஒவ்வொரு வசந்தத்திலும் மன்றம் கலாசார மாளிகையில் மாலூஃப் பாடும். ஒரு குரல் முன்னே போய் அடியெடுத்துக் கொடுக்க, கூட்டம் பின்னால் திருப்பிச் சொல்கிற பழைய பாட்டு. முன்குரல் சரியில்லை என்றால் கூட்டம் மொத்தமும் வழி தவறிய ஆட்டு மந்தைதான். வேறு ஊர்களில் குரலைப் பார்த்து உட்காரவைப்பார்கள். இங்கே வருடத்தைப் பார்த்து. முப்பத்தொரு நாற்காலி, ஒவ்வொன்றின் முதுகிலும் மொன்ஜி தன் அழகான அஞ்சலகக் கையெழுத்தில் சாக்பீஸால் வருடம் எழுதுவார். மூத்த வருடங்கள் முன்வரிசை. காது கேளாத எழுபத்தாறு ஒலிவாங்கிக்கு எதிரே. நல்ல குரலுள்ள இளம்பெண்கள் எல்லாம் தூணுக்குப் பின்னால். எழுபத்துநான்கு என்பதால் முன்குரல் டாக்டர் நூரிக்கு. நல்லவேளையாக அவருக்குச் சுமாராகப் பாடவும் வரும்.

இந்த வருடம் விழாவுக்கு மூன்று நாள் முன்பு நூரியின் கன்னம் மாதுளம்பழம் போல வீங்கியது. அவர் பல் மருத்துவர். தன் பல்லைத் தானே பிடுங்க முடியாது. ஊரில் இன்னொரு பல் மருத்துவர் இருக்கிறார்; கைராசிக்காரர்.

"தொண்ணூத்தாறு கைல என் பல்லக் குடுக்கறதா?" என்றார் நூரி, வாயின் ஒரு பக்கத்தால். கொடுக்கவில்லை.

காப்பிக் கடைப் பின்னறையில் அவசரக் கூட்டம். மன்னூபியா ஒரு மூலையில் மேடைத் திரைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். வருட வரிசைப்படி அடுத்த முன்குரல் எழுபத்தைந்து. அவர் சுங்கத் துறையில் இருந்தவர். பாடிக் காட்டினார். கப்பல் ஏதோ வருகிறது என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஷாத்லி இருக்காரே" என்றார் மருந்துக்கடை வஹீதா. வஹீதாவும் எண்பத்தொன்று, மொன்ஜிக்கு அடுத்த நாற்காலி.

ஷாத்லி மீன் விற்கிறவர். செதில் உரசும்போது அவர் பாடுவதைக் கேட்கவே சிலர் மீன் வாங்குவார்கள். பள்ளியில் படித்தவர்தான். ஆனால் எண்பத்துமூன்றில் தேறவில்லை, அதை ஒளிப்பதும் இல்லை. "ஒரே ஒரு தாள்ல போச்சு, கணக்கு. அதனாலதான் என் தராச எவனும் நம்பறதில்ல" என்று வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்வார். மன்ற நண்பர். முப்பத்தொரு நாற்காலியையும் வருடாவருடம் தூக்கி வந்து போடுகிறவர்.

எல்லாரும் மொன்ஜியைப் பார்த்தார்கள். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார், படித்தார், மூடினார். "ஏழாம் விதி மேடைல உக்கார்றதப் பத்தித்தான் சொல்லுது. திரைக்குப் பின்னால நிக்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார். முன்குரல் திரைமறைவிலிருந்து வரும், டாக்டர் நூரி தன் நாற்காலியில் அமர்ந்து வாயசைப்பார் என்று தீர்மானம் ஆயிற்று. வீங்கிய வாயை எப்படி அசைப்பது என்பது அன்றைய கூட்டத்தின் பொருளில் இல்லை. மொன்ஜி இரண்டு முறை ஊதி முத்திரை குத்தினார். மன்னூபியாவின் ஊசி விரலில் ஏறிற்று. நாற்பது வருடத்தில் இது இரண்டாவது தடவை.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு மொன்ஜி மீன்சந்தைக்குப் போனார். மன்னூபியாவும் கூடவே போனார், மீன் வாங்கத்தான் என்று சொல்லிக்கொண்டு. ஷாத்லி கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். முத்திரையையும் படித்தார்.

"பாடறேன் ஸி மொன்ஜி. ஒரு நாற்காலி போடுங்க."

"பின்னால ஸ்டூல் இருக்கும் ஷாத்லி."

"மேடைல. நான் தூக்கிட்டு வர்ற நாற்காலிதானே, ஒண்ணுல நான் உக்காந்தா ஒடஞ்சிடுமா? வருஷம்கூட எழுத வேணாம்."

"விதி இருக்கே."

"இந்தாங்க, இந்த மத்திக்கு எந்தப் பாக் தேர்வும் கிடையாது. ஆனா ஐஸ் மேல எல்லாரும் பாக்கற மாதிரிதான் படுத்திருக்கு." அவர் தீர்மானத்தைக் கூம்பாகச் சுருட்டி, ஒரு கை மத்தியை அள்ளிப் போட்டு மன்னூபியாவிடம் நீட்டினார். "காசு வேணாம் லல்லா மன்னூபியா. ஞாயித்துக்கிழமை வருவேன். எப்பவும் போல நாற்காலி தூக்குவேன். பாட்டு மட்டும் நாற்காலி இருந்தாத்தான் வரும்."

வீட்டில் மீன் பொரிந்தது. மொன்ஜி முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் நீள வரிசைப்படி அடுக்கினார்.

"விதிய எழுதினவன் நீதானே. அடிக்கவும் பேனா இருக்கில்ல?" என்றார் மன்னூபியா.

"ஒருத்தன விட்டா எல்லாரும் வருவாங்க அக்கா."

"யாருடா அந்த எல்லாரும்?"

மொன்ஜி தட்டைப் பார்த்தார். முள் ஒன்று வரிசை மாறியிருந்தது, சரிசெய்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் அக்கா. இப்ப எழுந்திருச்சா மிச்சம் என்ன இருக்கு எனக்கு?" என்றார் கடைசியில்.

மன்னூபியா அவர் தட்டில் இன்னொரு மீன் வைத்தார்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. கலாசார மாளிகை நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் ஆளுநர் அலுவலகத்துக் கலாசார அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் முப்பத்தொரு நாற்காலியில் முப்பது பேர், சிவப்புக் குல்லாயும் வெள்ளை அங்கியுமாக. டாக்டர் நூரியின் குல்லாய்க்குக் கீழே தாடையைச் சுற்றி ஒரு கட்டு. பாடாவிட்டாலும் எழுபத்துநான்கு உட்கார்ந்தாக வேண்டும். எழுபத்தைந்து தொண்டையைச் செருமினார். முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. பக்கவாட்டுத் திரையருகே ஷாத்லி, நீல அங்கியோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கும் பின்னால் மன்னூபியா கண்ணாடிக் குவளைகளில் பைன் கொட்டை மிதக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார், எல்லாவற்றிலும் ஒரே அளவு.

வரவேற்புரைக்கு மொன்ஜி, வெள்ளை அங்கிக்குப் பதில் வழக்கமான கோட்டோடு, ஒலிவாங்கி முன் வந்தார். நான்கு பக்கம், நான்கு முத்திரை. முதல் பக்கத்தைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு தன் நாற்காலிக்குப் போய், அதை முதுகுப்புறம் சபை பார்க்கத் திருப்பி வைத்தார். கைக்குட்டையை எடுத்தார். அழகாக எழுதியிருந்த 1981-ஐ மேலிருந்து கீழாகத் துடைத்தார். மிச்சம் இருந்த சாக்பீஸ் தூளையும் துடைத்தார்.

"இதுல நான் இருபத்தஞ்சு வருஷம் உக்காந்தேன்" என்றார். ஒலிவாங்கி தள்ளியிருந்ததால் குரல் சின்னதாகக் கேட்டது. "எண்பத்தொண்ணுல வாசல்ல ஒட்டின பட்டியல்ல என் பேர் இல்ல. நான் தேறல."

மன்னூபியாவின் கையில் கெண்டி சாய்ந்தபடியே நின்றது. ஒரு குவளை வழிந்து தட்டில் ஓடியது.

மொன்ஜி காத்திருந்தார். கூரை விழும் என்று எதிர்பார்க்கிறவர் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். கூரை விழவில்லை. யாரோ இருமினார்கள். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்து வஹீதா, பொறுமை போனவராக, "தெரியும் மொன்ஜி" என்றார். "அந்தப் பட்டியல நாங்களும்தானே படிச்சோம்? ஊருக்கே ஒரு வாசல்தானே இருந்துது. விதிய எழுதினவனே பேசாம இருக்கானேனு நாங்களும் பேசாம இருந்தோம். நாற்காலிய அவர்கிட்ட குடு, நேரமாகுது."

டாக்டர் நூரி கட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். ஆமாம் என்பது போலத்தான் கேட்டது. சபையில் ஒருவர் கைதட்டினார். எதற்கு என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். கலாசார அதிகாரி மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

திரைக்குப் பின்னால் மன்னூபியாவுக்கு முதலில் வந்தது கோபம். நாற்பத்துமூன்று வருடம். கணவனிடம்கூடச் சொல்லாமல் அடைகாத்த முட்டை. ஊர் மொத்தமும் அதை அன்றைக்கே பொரித்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இத்தனை நாள் அவரிடம் துணி தைக்கக் கொடுத்திருக்கிறது. எத்தனை பேர் வீட்டுக் கல்யாண உடுப்பைத் தைக்கும்போது, நாட்டிலேயே மூன்றாவது என்ற கதையை அவர் எடுத்துவிட்டிருப்பார். எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டார்களே.

மேடையில் ஷாத்லி நீல அங்கியைக் கழற்றாமலே நாற்காலியைச் சபை பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, கால் நான்கும் தரையில் சரியாகப் படிகிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். தூக்கிப் பழகியவருக்கு அதில் உட்கார்ந்தால் தாங்குமா என்று சந்தேகம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியை எடுத்தார். குரல் மேலே போய், அங்கேயே நின்று, கீழே இருப்பவர்களுக்காகக் காத்திருந்தது. தூணுக்குப் பின்னால் இருந்த பெண்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் காது கேளாத எழுபத்தாறும்.

மொன்ஜி பக்கவாட்டுத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சிவப்புக் குல்லாய் கையில் இருந்தது. அதைத் தேநீர் மேசையில் ஓரமாக வைத்தார். கோட்டைக் கழற்றினார். கழற்றும்போது இடது பையிலிருந்து முத்திரை நழுவி விழுந்து மேசைக்கடியில் உருண்டது, எடுக்கவில்லை. ஆணியில் பதினைந்தாவது அங்கி தொங்கியது, போட்ட மடிப்புக் கலையாமல்.

"ஒண்ணு மிகை" என்றார் மன்னூபியா, வழிந்த தட்டைத் துடைத்துக்கொண்டே.

மொன்ஜி அங்கியை எடுத்து முன்பக்கமாகப் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது. பிறகு திரும்பி, அக்காவுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் சற்று விலக்கி நின்றார்.